மல்லையன் செய்யாத சத்தியம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப் பேப்பரில் பெரிய எழுத்தில் அந்தச் செய்தி வந்திருந்தது. இன்னொருவன் மனைவியோடு வாழ்கிறவனைப் பிடித்து ஜெயிலில் போடலாம் என்றிருந்த பழைய சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. டீக்கடையில் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். நாடே கெட்டுப்போகும் என்றார் ஒருவர். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்குக் கரியன் ஞாபகம் வந்துவிட்டது. கரியனை நினைத்தால் கூடவே மல்லையன் வந்து நிற்பார். மல்லையனை நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

மல்லையன் என் பாட்டனாரின் அண்ணன். வத்தல்மலையில் எங்கள் ஊருக்கு அவர்தான் ஊர்க்கவுண்டர். வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை என்று எங்கள் குடும்பத்தில் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பொய் சொல்லாத மனிதர், உண்மையைச் சொல்லியே ஆக வேண்டிய ஒரே ஓர் இடத்தில் சொல்லாமல் வந்துவிட்டார். அதனால் வந்த வினையைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆள் குள்ளம். நடந்தால் முன்னால் போகிற நெட்டைக்காரன் பின்தங்கிவிடுவான், அப்படி ஒரு நடை. சாமைக் காடும் கேழ்வரகுக் காடும் இரண்டு மாடும் இருந்தன. மற்றவர்களைப் போலவே கடுக்காய் பொறுக்கவும் தேன் அழிக்கவும் காட்டுக்குள் போவார். வேறு பெருமை எதுவும் கிடையாது, கையிலிருந்த ஊர்க்கோல் ஒன்றைத் தவிர. அது ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு மூங்கில் கம்பு. கோயிலுக்கு முன்னால் இருக்கும் பாறையில் அந்தக் கோலை மடியில் கிடத்தி உட்கார்ந்தால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. பாகப் பிரிவினை, மாடு மேய்ந்த சண்டை, புருஷன் பெண்டாட்டி தகராறு எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். முடிந்ததை யாரும் மறுநாள் கிளற மாட்டார்கள்.

எங்கள் மலையில் சத்தியம் செய்வதற்கு ஒரு முறை இருந்தது. இந்தக் கதைக்கு அதுதான் வேர் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகத்துக்கு ஆளானவன்தான் சத்தியம் செய்வான். ஒருமுறை யாரோ தேன் குடுவையைத் திருடிவிட்டதாகப் பேச்சு எழுந்து, சின்னக்கண்ணு என்பவன் மேல் பழி விழுந்தது. அவன் கோயில் முன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். பிறகு திருடியவன் வேறு ஆள் என்று தெரிந்தும் போனது. ஆனாலும் சின்னக்கண்ணுவால் அதற்குப் பிறகு கூட்டத்தில் உட்கார்ந்து நியாயம் பேச முடியவில்லை. சொல்லை நம்பாமல் சத்தியம் வாங்கப்பட்டவன், அவ்வளவுதான். இனி அவன் சொல் இன்னொருவனுக்குத் தீர்ப்பாகாது. அப்படி ஒரு கட்டு, ஊர் விதி. அதை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மல்லையன் அந்தக் கட்டை உயிருக்கு மேலாக வைத்திருந்தார்.

இந்தக் கட்டுக்குள்தான் செல்லியின் வாழ்க்கை வந்து மாட்டியது.

செல்லியை வீரன் கட்டியிருந்தான். நாலைந்து வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. வீரன் நாள் தவறாமல் அவளை மலடி என்பான். குடித்தால் அடிப்பான். கடைசியில் அவனே கூட்டத்துக்கு வந்து, "இவளை எனக்கு வேணாங்க, தீத்து வுட்டுடுங்க" என்று கேட்டான். 1936ஆம் வருஷத்துச் சாமை அறுவடை முடிந்த சமயம் அது. மல்லையன் இரண்டு பேரையும் கேட்டார். இரண்டு பேரும் சம்மதம் என்றார்கள். காய்ந்த சாமைத் தாள் ஒன்றை எடுத்து, ஊர் பார்க்க இரண்டாகக் கிள்ளி, ஒரு துண்டை வீரன் கையிலும் ஒரு துண்டைச் செல்லி கையிலும் கொடுத்தார். தாலி திரும்பியது. பெண் வீட்டுக்குப் பரியமாகக் கொடுத்திருந்த தானியத்தை வீரன் திரும்ப வாங்கிக்கொண்டான். துரும்பு கிள்ளியாகிவிட்டது, இனி அவள் யாரையும் கட்டிக்கொள்ளலாம். எங்கள் மலையில் அதற்கு மேல் ஒரு விடுதலைப் பத்திரம் கிடையாது.

அடுத்த வருஷம் கரியன் அவளைக் கேட்டான். கரியன் பேச்சு குறைந்த ஆள். செல்லி களத்தில் பாடிக்கொண்டே புடைப்பதைத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பானாம். மல்லையன்தான் முன்னால் நின்று கல்யாணத்தை முடித்து வைத்தார். வருஷம் திரும்புவதற்குள் செல்லி ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். சென்னம்மாள் என்று பெயர் வைத்தார்கள்.

ஊர் வாயை யாரால் மூட முடியும்? மலடி என்று விட்டவளுக்குப் பிள்ளை பிறந்தால், குறை யாரிடம் இருந்தது என்று கணக்குப் போட எந்தப் படிப்பும் வேண்டாம். தண்ணித் துறையில் பெண்கள் சிரித்தார்கள். வீரன் போகிற வழியில் ஆண்கள் இருமினார்கள். வீரனுக்கு வேறு யாரும் பெண் தரவில்லை. அவன் மலையை விட்டு இறங்கிக் கடத்தூர்ப் பக்கம் போய் வண்டி மாடு ஓட்டிப் பிழைத்தான். சிரித்தவர்களுக்கு அன்றோடு அது மறந்து போயிற்று. அவனுக்கு மறக்கவில்லை. கடத்தூர்ச் சந்தையில் கூடிப் பழகிய யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: "கோர்ட்டுல கேஸ் போடு. துரும்புன்னா கோர்ட்டுக்கு என்னா தெரியும்? தாலி கட்டுனது நீதானே?"

1939இல் கரியனைத் தேடிப் போலீஸ்காரர் இரண்டு பேர் மூச்சு வாங்க மலை ஏறி வந்தார்கள். வீரன் பெண்டாட்டியோடு கூடி வாழ்கிறான் என்பது புகார். செல்லி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "என்னையக் கேளுங்க, நான்தானே வந்தேன்?" என்று கத்தினாள். அவளை யாரும் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தில் பெண்ணைக் கேட்க இடமே இல்லை. குற்றம் செய்கிறவன் ஒருவன், குற்றம் செய்யப்பட்டவன் ஒருவன். இரண்டு பேருமே ஆண்கள். பெண், காணாமல் போன மாட்டைப் போல நடுவில் நிற்பாள்.

தர்மபுரியில் நஞ்சப்பன் என்ற வக்கீலிடம் செல்லியும் மல்லையனும் போனார்கள். நல்ல மனிதர், மலைக்காரர்கள் என்று வாசலில் நிறுத்தவில்லை. கேஸைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க" என்றார். "சாதி வழக்கத்துல தீத்து வுடறது உண்டுன்னா அது செல்லும். ஹைகோர்ட்டே அப்பிடித் தீர்ப்புச் சொல்லியிருக்குது. ஆனா வழக்கம் இருக்குது, அந்த வழக்கப்படி நடந்துச்சுன்னு சாட்சி வேணும். துரும்பு கிள்ளினது யாருங்க?"

"நான்தானுங்க" என்றார் மல்லையன்.

"அப்ப முடிஞ்சுது. நீங்க வந்து கோர்ட்ல அதைச் சொல்லிட்டீங்கன்னா கரியன் அன்னைக்கே வூட்டுக்கு வந்துருவான்."

"சொல்றேன். இதுல என்னா இருக்குது?" என்றார் மல்லையன். மனதாரத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திரும்பி மலை ஏறும்போது, கரியனை எண்ணிக் கலங்காதே என்று செல்லிக்கு வழி நெடுகத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

அந்த வருஷங்களில் கீழே சட்டங்கள் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தன. சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் தண்டனை என்றார்கள். விதவைக்குப் புருஷன் சொத்தில் பங்கு உண்டு என்றார்கள். சந்தைக்குப் போய் வருகிறவர்கள் இவற்றைக் கேட்டு வந்து சொன்னால் மலையில் சிரிப்பார்கள். எங்கள் பெண்கள் வளர்ந்த பிறகுதான் கட்டிக்கொண்டார்கள். புருஷன் செத்தால் வேறொருவனைக் கட்டிக்கொண்டார்கள். சட்டம் என்பது கீழே இருக்கிறவர்களின் நோய்க்குக் கீழே இருக்கிறவர்கள் அரைக்கிற மருந்து, நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். மல்லையனும் அப்படித்தான் இருந்தார். கோர்ட் என்றால் பெரிய கூட்டம், மாஜிஸ்திரேட் என்றால் நாற்காலி போட்ட ஊர்க்கவுண்டர். அதற்கு மேல் அவர் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

விசாரணை நாளன்று புது வேட்டி கட்டிக்கொண்டு, விடியும் முன்பே இறங்கிப் போனார். மலையிலிருந்து வேறு சிலரும் துணைக்குப் போனார்கள். துரும்பு கிள்ளிய நாளில் கூட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள். ஊர்க்கோலை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் இருந்த டவாலிச் சேவகன் சொன்னதால் அதைச் செல்லியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் வீரன் கூண்டில் ஏறினான். சத்தியப் பிரமாணம் வாசித்தார்கள். அவன் கூசாமல் திருப்பிச் சொன்னான். மலைக் கோயில் முன்னால் அப்படிச் செய்ய அவனுக்குத் துணிச்சல் வந்திருக்காது. இங்கே கற்பூரமும் இல்லை, சாமியும் இல்லை. துரும்பாவது கிள்ளுவதாவது, அப்படி எதுவும் நடக்கவில்லை, என் பெண்டாட்டியை இவன் வைத்துக்கொண்டிருக்கிறான் என்றான். பிறகு செல்லி ஏறினாள். கோலை வெளியே பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்து ஏறிச் சத்தியம் செய்தாள். அவளும் மலைக்காரிதான். சத்தியம் செய்தால் என்ன பெயர் வரும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் எதிரே கரியன் நிற்கிறான். பெயர் கெடுவதை அவள் பார்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஆனால் அவள் கேஸில் ஒட்டியவள். அவள் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய முடியாது, துரும்பு கிள்ளியவர் வரட்டும் என்றார் மாஜிஸ்திரேட்.

மல்லையனைக் கூப்பிட்டார்கள். ஏறி நின்று கும்பிட்டார். குமாஸ்தா பிரமாணத்தை வாசித்து, "சொல்லுங்க" என்றார்.

மல்லையன் சொல்லவில்லை.

"நான் சொல்றது உண்மை, சத்தியம்னு சொல்லுங்க."

"எதுக்குங்க சத்தியம்?" என்று கேட்டார் மல்லையன். "என்னைய யாருங்க சந்தேகப்பட்டது?"

எல்லாரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பொறுமையாகவே சொன்னார்: இங்கே ஏறுகிற எல்லாரும் சத்தியம் செய்த பிறகுதான் பேச வேண்டும்; இது சந்தேகம் இல்லை, முறை.

"எல்லாரும் பண்ணலாமுங்க சாமி. நான் கோல் பிடிச்சவன். சத்தியம் பண்ண வாய்க்கு எங்க ஊர்ல தீர்ப்பு கெடையாது. சும்மாவே சொல்றேன், கேட்டுக்குங்க. நான் பொய் பேசுனவன் இல்லே."

இந்தப் பதிலை இன்றும் என் சித்தப்பா பையன்கள் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். கவுண்டர் கோர்ட்டிலேயே எப்படிக் கேட்டார் பார் என்பார்கள். குற்றவாளிக் கூண்டுக்குள் நின்றிருந்த கரியன் சிரிக்கவில்லை. அவன் மல்லையனையே பார்த்துக்கொண்டிருந்தான். வக்கீல் நஞ்சப்பனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவருக்குச் சத்தியப் பிரமாணம் என்பது பேசும் முன் தொண்டையைச் செருமிக்கொள்வது போல. அதற்கு ஒருவரைத் தயார் செய்ய வேண்டும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. எழுந்து அவகாசம் கேட்டார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வரச் சொல்லி மாஜிஸ்திரேட் எழுந்து போனார்.

வெளியே புளியமரத்தடியில் செல்லி அவர் காலில் விழுந்தாள்.

"மாமா, ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்துருங்க. அவரு வந்துருவாரு."

"எழுந்திரு புள்ளே. நான் இன்னைக்கு இங்க சத்தியம் பண்ணிட்டு மலைக்குப் போனா, நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்? நான் கிள்ளுன துரும்பு அத்தனையும் செல்லாம போயிரும். உன்னோடதும்தான்."

அவர் சொன்னதில் அவருக்கு நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். சத்தியம் செய்தவர் தீர்ப்பு செல்லாது என்றால், பழைய தீர்ப்புகளையும் நாளை ஒருவன் வந்து கிளறலாம். ஊர் கட்டுக்குலைந்து போகும் என்று உண்மையாகவே பயந்தார். நஞ்சப்பன் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். மல்லையன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். கூட வந்த மற்றவர்களிடம் வக்கீல் திரும்பினார்: நீங்களும் அன்று அங்கே இருந்தவர்கள்தானே, யாராவது ஒருவர் ஏறுங்கள் என்றார். அவர்கள் மல்லையன் முகத்தைப் பார்த்தார்கள். கவுண்டரே செய்யாத சத்தியத்தை நாங்கள் செய்வதா என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

"என்னா பண்ணிருவாங்க?" என்றார் மல்லையன் கடைசியில். "கூடிப் பேசி ஒரு தண்டம் போடுவாங்க. ஊரே சேர்ந்து கட்டிருவோம். புள்ளை குட்டிக்காரனை எவனாச்சும் அடைச்சு வைப்பானா?"

எங்கள் மலையில் யாரையும் அடைத்து வைத்ததில்லை. தண்டம் உண்டு, சாதியை விட்டுத் தள்ளி வைப்பது உண்டு, விழுந்து கும்பிட்டால் சேர்த்துக்கொள்வது உண்டு. ஒரு மனிதனைப் பெண்டாட்டி பிள்ளையிடமிருந்து பிரித்து நான்கு சுவருக்குள் போட்டுப் பூட்டுவது அவர் அறிந்த தண்டனைகளில் இல்லை. அறியாதவர், அதனால் அப்படி நினைத்தார் என்று இதை விட்டுவிடலாம். நானும் அந்த அளவுக்கு விட்டுவிடுகிறேன். மல்லையன் கோலை வாங்கிக்கொண்டு, சாயந்தரம் வரை காத்திராமல் மலைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று மாலையே தீர்ப்பு. துரும்பு கிள்ளியதற்குத் தக்க சாட்சி இல்லை. ஆகவே செல்லி இன்றும் வீரனின் மனைவி. கரியனுக்கு ஒரு வருஷம் கடுங்காவல். வெளியே வந்த பிறகும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து வாழ்ந்தால் மறுபடியும் உள்ளே வர வேண்டியிருக்கும் என்று மாஜிஸ்திரேட் எச்சரித்தார். கரியனைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஏற்றும்போது குழந்தையைக் கையில் கேட்டானாம். கையில் விலங்கு இருந்ததால் வாங்க முடியவில்லை.

செல்லி தனியாக மலை ஏறி வந்து மல்லையன் வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று இருந்திருந்தால் எனக்கு அவர் மேல் இவ்வளவு கோபம் இருக்காது. ஆனால் நஞ்சப்பன் கைவிடவில்லை. சேலத்தில் அப்பீல் போட்டார். துரும்பு கிள்ளியவர் இப்போதாவது வந்து சத்தியம் செய்து சொன்னால், பெரிய கோர்ட்டில் அந்தச் சாட்சியைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டுப் பார்க்கலாம், உடனே புறப்பட்டு வரச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினார்.

இப்போது மல்லையனுக்கு எல்லாம் தெரியும். ஜெயில் என்றால் என்ன என்று தெரியும். கரியன் எங்கே இருக்கிறான் என்று தெரியும். இருந்தும் அவர் சொன்னது இதுதான்: "சாமை அறுப்பு முடியட்டும். வர்றேன்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கோலை விட மனம் வரவில்லை என்பது ஒன்று. இன்னொன்று, இன்று போய்ச் சத்தியம் செய்தால், அன்றே செய்திருக்கலாம் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்த தப்பைத் திருத்தப் போனால் தப்பு ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குகிற புத்தி. நம்மில் பாதிப் பேருக்கு உள்ளதுதான். செல்லி தினமும் அவர் காட்டு ஓரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாள். எதுவும் கேட்க மாட்டாள். ஒரு நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு அவளே அவர் காட்டில் இறங்கிச் சாமை அறுத்தாள், சீக்கிரம் முடியட்டும் என்று. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவும் இல்லை, புறப்படவும் இல்லை.

அறுப்பு முடிந்து, தாள் கட்டி, போர் போட்டு, ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர் கிளம்பிய அன்றுதான் அப்பீல் தள்ளுபடியான சேதி அடிவாரத்திலேயே எதிர்ப்பட்டது. பாதி வழியில் திரும்பி ஏறி வந்தார். வேகநடைக்காரர் அன்று வழியில் பல இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாராம்.

கரியன் தண்டனை முடிந்து வந்தான். ஆள் மெலிந்திருந்தான், முன்பே பேச்சு குறைவு, இப்போது அதுவும் இல்லை. குழந்தை ஓடியாடத் தொடங்கியிருந்தது. அவனைப் பார்த்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஜெயிலில் கண்டவர் கைச் சோறு சாப்பிட்டவனை அப்படியே ஊருக்குள் சேர்க்க மாட்டார்கள். அவன் கூட்டத்தில் விழுந்து கும்பிட வேண்டும். ஊர்க்கவுண்டர் துளசித் தண்ணீர் தெளித்து, "உன் தப்பைப் பொறுத்தோம்" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரு கட்டு.

கரியன் வந்து விழுந்தான். மல்லையன் சொம்பைக் கையில் எடுத்தார். தண்ணீரைத் தெளித்தார். "உன் தப்பை" என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. யாருடைய தப்பை யார் பொறுப்பது? சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கோயில் படிக்குப் போனார். எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார்.

"சாமி சத்தியமா சொல்றேன். வீரனுக்கும் செல்லிக்கும் நான்தான் துரும்பு கிள்ளிக் குடுத்தேன். இந்தக் கையாலதான் கிள்ளினேன். கரியன் மேல ஒரு தப்பும் இல்லே. இது சத்தியம்."

கூட்டம் திகைத்துப் போயிற்று. கவுண்டர் சத்தியம் செய்துவிட்டார். பெண்கள் சிலர் அழுதார்கள். செல்லி அழவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"இங்க இருக்கறவங்க எல்லாருக்கும் அது தெரியுமுங்க மாமா" என்றாள். "தெரியாதவங்க கீழ இருந்தாங்க. அங்கதான் சொல்லல நீங்க."

மல்லையன் கோலை எடுத்துப் பாறை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பிறகு அதைத் தொடவே இல்லை. எந்தக் கோலுக்காகக் கரியனை விட்டுக்கொடுத்தாரோ அந்தக் கோலும் போயிற்று. அன்று கோர்ட்டிலேயே அதை இழக்கத் துணிந்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். இங்கே இழந்ததில் யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

ஊர் கரியனைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கரியன் செல்லி வீட்டுக்குள் போகவில்லை. காட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு குடிசை போட்டுக்கொண்டான். மறுபடியும் போலீஸ் வரும் என்று பயம். யார் சொன்னாலும் கேட்கவில்லை. வீரன் மறுபடியும் ஒரு துரும்பு வாங்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனைத் தேடிப் போனார்கள். அதற்குள் உலகச் சண்டை முற்றியிருந்தது. பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தபோது வீரன் போய்விட்டான் என்றார்கள் கடத்தூரில். போனவன் எங்கே இருக்கிறான், இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத ஒருவனுக்குச் செல்லி பெண்டாட்டியாக இருந்தாள். கூப்பிடு தூரத்தில் புருஷன் தனியாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான்.

சென்னம்மாள்தான் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். காலையும் மாலையும் அப்பனுக்குக் களி கொண்டுபோய்க் கொடுப்பாள். வழி மல்லையன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். அவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் போவதையும் வெறும் சட்டியோடு திரும்பி வருவதையும் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கதையில் பாதியை எனக்குச் சொன்னதும் சென்னம்மாள்தான்.

அவளுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது, ஒரு மழைநாளில் நனைந்துகொண்டே சட்டியோடு அவர் வாசலில் ஒதுங்கினாள்.

"ஏன் தாத்தா, எங்கப்பன் ஏன் எங்க வூட்ல இருக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

"என்னாலதான்" என்றார் மல்லையன்.

குழந்தைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "அப்ப நீங்களே போயிக் கூட்டியாந்து வுட்டுடுங்க" என்றாள்.

மல்லையன் எழுந்தார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, சட்டியைத் தானே வாங்கிக்கொண்டு, அவளோடு அந்தக் குடிசைக்கு நடந்தார். கரியன் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். கவுண்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்த மரியாதை அவனிடம் போகவில்லை. மல்லையன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கரியா, வூட்டுக்கு வாடா. உன் வூடு அது. என்னா வேணும்னாலும் சொல்லு, நான் செய்றேன். எங்க வேணும்னாலும் வந்து சத்தியம் பண்றேன்."

கரியன் வாசலுக்கு வெளியே மலைப்பாதையைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"போலீசு வராதுன்னு சத்தியம் பண்ணுங்க கவுண்டரே. வந்துர்றேன்."

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. மல்லையன் அவன் கையை விடாமல் நின்றார். கேட்டது ஒரே ஒரு சத்தியம். அதைச் செய்ய அவருக்கு இப்போது கோலும் இல்லை, கட்டும் இல்லை, தடுக்கிற எதுவும் இல்லை. ஆனால் போலீஸ் வராது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததைச் சத்தியம் செய்தால் அது பொய்.

அவர் பொய் சொன்னதில்லை. சட்டியைக் கரியன் பக்கத்தில் வைத்துவிட்டு, சென்னம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் திரும்பி நடந்தார்.